கடைசி நியாண்டர்தால்: ஆண்டுக் கணக்கு ஏன் மாறியது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால்கள் 28,000 ஆண்டுகளுக்கு முன்புவரை, ஸ்பெயினின் தென்முனையை ஒட்டிய ஜிப்ரால்டரில் வாழ்ந்தார்கள் என்று முன்பு படித்திருக்கிறேன். இப்போது 40,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டார்கள் என்கிறார்கள். எலும்பு அதே எலும்புதானே, வயது மட்டும் எப்படிக் கூடும்? நம் முன்னோர்தான் அவர்களைக் கொன்று தீர்த்தார்களா?

செல்வி, திண்டுக்கல்

அன்புள்ள செல்வி,

ஜிப்ரால்டருக்குச் சொன்ன 28,000 என்ற எண் எலும்பிலிருந்து வந்த கணக்கு அல்ல. அங்குள்ள கோர்ஹாம் குகையில் நியாண்டர்தால் பாணிக் கற்கருவிகளோடு கிடந்த மரக்கரியின் வயது அது. கரித்துண்டு மண்ணடுக்கு விட்டு அடுக்கு இறங்கக்கூடியது. அதோடு அது, மிஞ்சியிருக்கும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை அளந்து கணித்த ரேடியோ கார்பன் வயது; காற்றில் கார்பன்-14 காலத்துக்குக் காலம் கூடிக் குறைந்ததற்கு அதில் திருத்தம் செய்யவில்லை. திருத்தினால் ஏறத்தாழ 32,000 வரும். திருத்திய எண்ணையும் திருத்தாத எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

நீங்கள் கேட்டது குரோவேஷியாவின் விண்டியா குகைக்கு அப்படியே பொருந்தும். அங்கே கிடைத்த நியாண்டர்தால் எலும்புகளுக்கு 1999இல் 28,000, 29,000 என்று வயது வந்தது. 2006இல் அது 32,000ஐ ஒட்டி ஏறியது. 2017இல் 40,000ஐத் தாண்டியது. மாறியது எலும்பைச் சுத்தம் செய்யும் முறை மட்டுமே.

கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும். 40,000 ஆண்டு கடந்த எலும்பில் தொடக்க அளவில் ஒரு சதவீதம்கூட மிஞ்சாது. அதில் வெறும் 1% இன்றைய கார்பன் கலந்தால் 40,000 ரேடியோ கார்பன் ஆண்டு வயது சுமார் 33,000 ஆகச் சுருங்கிவிடும். மாறாக, கார்பன்-14 அறவே தீர்ந்த பழைய கார்பன் 1% கலந்தால் வயது கூடுவது 80 ஆண்டுதான். ஆகவே இந்தக் காலகட்டத்து எலும்பில் மாசு ஏறக்குறைய எப்போதும் வயதைக் குறைத்தே காட்டும். ஒரே எலும்புக்கு இரண்டு வயது வந்தால் நான் பழையதன் பக்கமே சாய்வேன்.

மாசு மண்ணின் ஹியூமிக் அமிலமாகவோ அருங்காட்சியகத்தில் பூசிய பசை, வார்னிஷாகவோ இருக்கலாம். ஆய்வகத்தில் எலும்புப் பொடியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துத் தாதுவைக் கரைப்பார்கள், காரத்தில் கழுவி ஹியூமிக் அமிலத்தை நீக்குவார்கள், மறுபடி அமிலம். மிஞ்சும் கொலாஜன் என்ற எலும்புப் புரதத்தை லேசான அமிலம் கலந்த வெந்நீரில், 70 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், ஜெலட்டினாகக் கரைத்து, நுண்வடிகட்டியில் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவார்கள். எலும்பின் எடையில் கொலாஜன் 1%க்குக் கீழே இருந்தாலோ, அந்தக் கொலாஜனின் கார்பன்–நைட்ரஜன் அணு விகிதம் 2.9க்கும் 3.6க்கும் வெளியே போனாலோ அந்த வயதை ஏற்கக் கூடாது. விண்டியாவில் 2017இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: கொலாஜனில் நிறைந்திருக்கும் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற ஒரே அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்து அதற்கு மட்டும் வயது பார்த்தார்கள்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. பெல்ஜியத்தின் ஸ்பை குகையில் கிடைத்த நியாண்டர்தால் தோள்பட்டை எலும்பு ஒன்று 24,000 ஆண்டு காட்டிக்கொண்டிருந்தது. அதில் மாட்டின் டிஎன்ஏ தாராளமாக இருந்தது. மாட்டெலும்புப் பசை பூசிப் பாதுகாத்திருக்க வேண்டும். அந்தப் பசையும் கொலாஜன்தான், அதிலும் ஹைட்ராக்ஸிபுரோலின் இருக்கும். அங்கே டிஎன்ஏ சோதனைதான் கலப்பைக் காட்டிக்கொடுத்தது. ஸ்பையிலும் பெல்ஜியத்தின் வேறு இடங்களிலும் கிடைத்த எலும்புகளை மறுபடி அளந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வடமேற்கு ஐரோப்பாவில் நியாண்டர்தால்கள் மறைந்தது 44,200க்கும் 40,600க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன்பு.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கொன்று தீர்த்ததற்குப் புதைபடிவச் சான்று இல்லை. கலந்ததற்கு உண்டு: ருமேனியாவின் ஓஆசே தாடையெலும்புக்குரிய நம் இன மனிதரின் மரபணுவில் 6 முதல் 9 சதவீதம் நியாண்டர்தாலுடையது; நான்கு முதல் ஆறு தலைமுறைக்கு முன்னால் அவருக்கு ஒரு நியாண்டர்தால் மூதாதை. அவர்கள் சின்னச் சின்னக் கூட்டங்களாக ஒதுங்கிக் கிடந்ததற்கும் சான்று வலுக்கிறது. பிரான்ஸின் மாந்த்ரன் குகையில் 2015இல் கிடைத்த 'தோரின்' அவ்வினத்தின் கடைசிக் காலத்தவர். அவருடைய வம்சம் மற்ற நியாண்டர்தால்களோடு கலக்காமல் சுமார் 50,000 ஆண்டுகள் தனித்திருந்ததாக 2024இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. அவ்வளவு சிறிய கூட்டத்துக்குள் நெருங்கிய உறவிலேயே மணம் நடக்கும். சில ஆண்டுகள் பிறப்பு குறைந்தாலே கூட்டம் அற்றுப்போகலாம். என் பார்வையில், கொலையைவிட இதற்கே வாய்ப்பு அதிகம்.