1957 கேரள அமைச்சரவையில் கௌரி அம்மாவின் பங்கு என்ன?

1957 கம்யூனிஸ்ட் அமைச்சரவை என்றதும் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் பெயரே எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த ஆட்சியின் உயிர்நாடியான நிலச் சீர்திருத்தத்தைச் சட்டமன்றத்தில் தோள்மேல் சுமந்தவர் வருவாய் அமைச்சர் கே.ஆர். கௌரி அம்மா. ஆலப்புழை மாவட்டத்துப் பட்டணக்காட்டில் 1919-இல் பிறந்து, சட்டம் படித்து, திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்கு 1952, 1954 தேர்தல்களில் வென்றவர்.

பதவியேற்ற ஆறாம் நாளே, 1957 ஏப்ரல் 11 அன்று, குத்தகைதாரர்களை வெளியேற்றுவதற்குத் தடை விதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. ஏன் அவ்வளவு அவசரம்? சட்டம் வரப்போகிறது என்று தெரிந்தாலே நில உடைமையாளர்கள் முந்திக்கொண்டு ஆட்களைக் கிளப்பிவிடுவார்கள். ஜன்மியின் (நில உடைமையாளரின்) தென்னந்தோப்பு மூலையில் ஓலைக்குடிசை போட்டிருந்த கூலிக்காரருக்கு, "நாளைக்குக் காலி செய்" என்ற ஒரு சொல் போதும், அடுப்பும் சட்டியும் தெருவுக்கு வந்துவிடும். அந்தச் சொல்லின் பலத்தைத்தான் அவர் முதலில் பிடுங்கினார். என் பார்வையில் அவருடைய மிகப்பெரிய சாதனை இதுவே.

நிலச் சீர்திருத்தத்துக்கான விவசாய உறவு மசோதா 1959 ஜூனில் நிறைவேறியது. ஜூலை 31-இல் மத்திய அரசு ஆட்சியையே கலைத்தது.

1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது குடும்பமும் உடைந்தது. கணவர் டி.வி. தாமஸ் சி.பி.ஐ.யில் (இந்திய கம்யூனிஸ்ட் கட்சியில்) நின்றார், கௌரி அம்மா மார்க்சிஸ்ட் கட்சியின் பக்கம் போனார். 1967-இல் இருவரும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தார்கள். கௌரி அம்மாவுக்கு மீண்டும் வருவாய்த் துறை. 1969-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், கிராமங்களில் குடிசைவாசிகளுக்குப் பத்து சென்ட் வரை நிலம் பெறும் உரிமையைத் தந்தது.