அந்தக் காலத்து போலீஸ்!

கேள்வி: ஆளவந்தார் கொலை வழக்கில், தலையில்லாத உடலை வைத்தே துப்புத் துலக்கினார்கள். சிசிடிவி கிடையாது, செல்போன் கிடையாது. அந்தக் காலத்து போலீஸ் இப்போது எங்கே போனது?
– ஒரு வாசகர், மானாமதுரை

பதில்: பெட்டியைத் திறந்தது உங்கள் ஊர் ஸ்டேஷனில். அந்த உரிமையில் கேட்கிறீர்கள், கேளுங்கள்.

1952 ஆகஸ்ட். சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயிலில் நாற்றம் தாங்க முடியவில்லை என்று பயணிகள் சத்தம் போட, மானாமதுரையில் அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். தலை மட்டும் தனியே ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. கடல் தண்ணீரில் ஊறிய முகத்தில் என்ன அடையாளம் தெரியும்? காது குத்திய துளைகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பல். இவற்றை வைத்துத்தான் அது பேனா வியாபாரி ஆளவந்தார் என்று உறுதி செய்தார்கள். கொன்றுவிட்டு பம்பாய்க்கு ஓடிய பிரபாகர மேனனைத் தேடிப் பிடித்தார்கள். மறு ஆகஸ்டில் தீர்ப்பே வந்துவிட்டது: மேனனுக்கு 7 ஆண்டு, அவர் மனைவி தேவகிக்கு 3 ஆண்டு. அருமையான வேலை, மறுக்கவில்லை.

ஆனால் 1944இல் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கை நடத்தியதும் இதே அந்தக் காலத்து போலீஸ்தானே? நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் இரண்டு வருடத்துக்கு மேல் கம்பி எண்ணினார்கள். அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய வழக்கில் 1947இல் விடுதலை. கொன்றது யார் என்பது இன்றுவரை கேள்விதான்.

ஆகவே காலத்தை விடுங்கள். குற்றவாளி யார் என்று பாருங்கள். 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். இங்கே துப்புத் துலக்க என்ன இருக்கிறது? பட்டப்பகல், நேரில் பார்த்த ஊர், யாருக்கு எங்கே டியூட்டி என்று எழுதி வைத்திருக்கும் அரசாங்கம். காதுத் துளையை எண்ணிப் பார்க்கும் அவசியமே இல்லை. ஆனாலும் வழக்கு சிபிஐ கைக்குப் போகவே ஹைகோர்ட் உத்தரவு தேவைப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 2011இல் தருமபுரி கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள்.

அதன்பிறகு அப்பீல். 2023இல் நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்பீல்களைத் தள்ளுபடி செய்தார். மேனனுக்கும் தேவகிக்கும் கிடைத்த தண்டனையைக் கூட்டினால் 10 வருடம். வாச்சாத்திப் பெண்கள் கோர்ட் வாசலில் காத்திருந்தது 31 வருடம்.