கடாரத்து (இன்றைய கெடா) மன்னர் நாகப்பட்டினத்தில் கட்டிய புத்த விகாரையை இப்போது பார்க்க முடியுமா?

பினாங்கிலிருந்து தமிழகம் போகும்போது பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டடத்தைத் தேட வேண்டாம். கடைசியாக நின்ற செங்கல் கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டது. அங்கே கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. வெள்ளிக்கிழமை விடுமுறை, கவனம்.

பலரும் தவறவிடுவது ஆனைமங்கலத்தை. கடாரத்து மன்னர் ஸ்ரீமாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரில் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் கொடுத்த ஊர் அது. 97 வேலிக்கு மேல் நிலம். ஆண்டுக்கு 8,943 கலத்துக்குச் சற்று மேல் நெல். வேலி பழைய நில அளவு, கலம் பழைய நெல் அளவு. பெண் யானையை நடத்தி எல்லை வகுத்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். இத்தனை நுணுக்கமாக எழுதிய 21 செப்பேடுகள் டச்சுக்காரர்கள் வழியாக நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போயின.

கிளம்புமுன் பட்டர்வொர்த் வழியாக மெர்போக் போய், பழைய கடாரத்தின் எச்சங்கள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டி புக்கிட் பத்து பஹாட் என்ற பழங்கோயிலையும் பார்த்துவிடுங்கள். மேற்கூரை மரத்தாலானதால் மக்கிப்போயிற்று. தூண் நிறுத்திய கல்பீடங்களை நன்றாகப் பார்க்கலாம்.