மார்கழியில் நான்கு நாள் சென்னை: கச்சேரி, கேன்டீன், குளிர். எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: டிசம்பர் 24 முதல் 27 வரை அப்பா, அம்மாவுடன் சென்னை வருகிறோம். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. சபா கச்சேரிகளும் கேன்டீன் சாப்பாடும்தான் நோக்கம். ஸ்வெட்டர் எடுத்துவர வேண்டுமா? ஒரு நாளைக்கு எத்தனை கச்சேரி தாங்கும்?

பதில்:

ஸ்வெட்டர் தெருவுக்கு வேண்டாம், அரங்குக்கு வேண்டும். டிசம்பரில் சென்னையின் சராசரி அதிகபட்ச வெப்பம் 29 டிகிரியை ஒட்டி, குறைந்தபட்சம் 22 டிகிரியை ஒட்டி இருக்கும். அதிகாலை சூரியன் எழும் நேரத்தில், அதாவது ஆறரை மணி வாக்கில், மட்டும் கொஞ்சம் சிலுசிலுக்கும். சென்னைக்காரர்கள் அதற்கே குல்லா போடுவார்கள் என்பது வேறு விஷயம். உண்மையான குளிர் ஏசி அரங்குக்குள். இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களுக்கு முதலில் சில்லிட்டுப்போவது பாதம். ஆளுக்கு ஒரு சால்வை, ஒரு ஜோடி காலுறை போதும். டிக்கெட்டில் இருக்கை எண் உண்டென்றால் நடைபாதை ஓரமாக எடுங்கள். ஏசி காற்று நேராகத் தலையில் இறங்கும் இடமானால் முதல் உருப்படி (பாட்டு) முடிந்ததும் இடம் மாறிவிடுங்கள். பால்கனி வேண்டாம், படிகள் அதிகம்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீளும். 2015 பெருவெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம் புயல் மூன்றுமே டிசம்பரின் முதல் பாதியில் வந்தவை. உங்கள் தேதிகளில் அந்த அபாயம் குறைவு. ஆனால் மழை விட்ட கையோடு கொசு கிளம்பிவிடும். கேன்டீன்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் திறந்த பந்தல்கள். மாலையில் காலுக்கு ஒடோமாஸ் தடவாமல் பந்தலில் உட்கார்ந்தால் அடையை விட அதிகமாகக் கடிபடுவது நீங்களாகத்தான் இருக்கும்.

இனி முக்கியமான கணக்கு. பெரும்பாலானவர்கள் கச்சேரியைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சாப்பாட்டை நடுவில் செருகப் பார்க்கிறார்கள். பெரியவர்களோடு வரும்போது அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். சாப்பாட்டு நேரத்தை முதலில் கட்டிவிட்டால் கச்சேரி அதைச் சுற்றி அமர்ந்துகொள்ளும். காரணம், சபாக்களில் ஒரு நாள் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் நகரும். காலையில் சொற்பொழிவும் செயல்விளக்கமும். மியூசிக் அகாடமியில் இது எட்டு மணி வாக்கில் தொடங்கும். நண்பகலிலிருந்து இளம் கலைஞர்களின் கச்சேரிகள், பல சபாக்களில் அனுமதி இலவசம். நான்கு மணி வாக்கில் ஒரு கச்சேரி, ஆறரை ஏழு மணிக்கு அன்றைய பெரிய கச்சேரி. மாலைக் கச்சேரி ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை மணி நேரம்.

கேன்டீன் நெரிசலும் இதே கடிகாரத்தில் ஓடுவதுதான் சிக்கல். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை இலைச் சாப்பாட்டுக்குக் கூட்டம். பிறகு நான்கு மணிக் கச்சேரியில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஒரு கூட்டம் எழுந்து வரும். கச்சேரி விட்டதும் இன்னொன்று. மிருதங்கக்காரர் வாசிக்கும்போது எழுந்து போவது மரியாதைக் குறைவு. அது போக, சாப்பாட்டுக் கணக்கிலும் நஷ்டம், ஏனென்றால் அரங்கில் பாதிப் பேருக்கு அதே யோசனை வந்திருக்கும். மதியம் பதினொன்றரைக்கே இலைக்கு உட்காருங்கள். டிபனை மூன்றரையிலிருந்து நான்குக்குள் முடியுங்கள்.

உள்ளே போனதும் முதலில் டோக்கன் கவுன்டர், பிறகுதான் இடம். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் பெரியவர்களை உட்கார வைத்துவிட வேண்டும். நெரிசல் நேரத்தில் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நிற்பது இங்கே சகஜம், கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் மோர் சாதத்துக்கு வந்துவிட்டாரா என்று பார்த்துத்தான் நிற்பார்.

என்ன வாங்குவது என்பதிலும் நேரக் கணக்கு இருக்கிறது. அடை மாவு கெட்டி, பருப்பு அதிகம். கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் நிதானமாக வேக வேண்டும். அவசரப்படுத்தினால் ஓரம் முறுகி நடு வேகாது. ரவா தோசையும் அப்படித்தான். மாவை நீர்க்க வீசி ஊற்றுவதால் ஈரம் வற்றி மொறுமொறுக்க நேரம் பிடிக்கும். ஏழு மணிக் கச்சேரிக்கு ஆறே முக்காலுக்கு அடை அவியல் டோக்கன் வாங்கினால் கச்சேரியின் தொடக்கப் பாட்டான வர்ணம் போச்சு. நேரமில்லாதபோது பொங்கல், சேவை, இட்லி என்று ஏற்கெனவே வெந்து தயாராக இருப்பதைக் கேளுங்கள். கீரை வடையும் வாழைப்பூ வடையும் வாணலியிலிருந்து இறங்குவது கண்ணில் பட்டால் மட்டும் வாங்குங்கள். ஆறினால் எண்ணெய்தான் முன்னால் நிற்கும். அசோகா, காசி அல்வா போன்ற இனிப்புகள் தினமும் மாறும், அளவாகவே செய்வார்கள். அன்றைய பலகையைப் பார்த்தவுடன் வாங்கிவிடுவது நல்லது.

காபியைக் கச்சேரிக்கு முன்னால் அரை டம்ளரோடு நிறுத்துங்கள். ஏசி, காபி, இரண்டரை மணி நேரம், கழிப்பறை வரிசை: எழுபது வயதில் இந்த நான்கும் ஒத்துப்போகாது.

எந்த சபாவில் யார் கேன்டீன் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிற ஒப்பந்தம். போன வருடம் யாரோ புகழ்ந்ததை வைத்து ஆட்டோ பிடிக்காதீர்கள். டிசம்பர் முதல் வாரத்தில் பட்டியல் தெரிந்துவிடும். பல கேன்டீன்களுக்குக் கச்சேரி டிக்கெட் இல்லாமலே போகலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை கச்சேரி? உங்களுக்கு இரண்டு, அதுவும் ஒரே சபாவில். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில்தான் இருக்கின்றன. வரைபடத்தில் பக்கம் போலத் தெரியும். மாலை ஆறு மணிக்கு அந்தச் சாலையில் வரைபடம் செல்லாது. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் போக்குவரத்து மாற்றங்களும் உண்டு. தி.நகரில் வாணி மகால், கிருஷ்ண கான சபா பக்கம் போவதென்றால் பொங்கல் ஜவுளிக் கூட்டத்தையும் கணக்கில் சேருங்கள். சபா தாண்டும் ஆசை இருந்தால் மதியம் ஒன்று, மாலை ஒன்று என்று வைத்து நடுவில் ஓய்வு கொடுங்கள். மதியக் கச்சேரியை லேசாக நினைக்க வேண்டாம். கூட்டம் குறைவு, முன் வரிசை கிடைக்கும், அடுத்த பத்தாண்டின் பெரிய பெயர்கள் அங்கேதான் பாடிக்கொண்டிருக்கும்.

பெற்றோருக்குத் தமிழ்ப் பாட்டுதான் பிடிக்கும் என்றால் ஒரு நாளை ராஜா அண்ணாமலை மன்றத்துக்கு ஒதுக்கலாம். 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பர் பின்பாதியில் அங்கே நடக்கும். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பக்கம்.

பெரிய பெயர்கள் பாடும் மாலைக்கு டிக்கெட்டை ஊரிலிருந்தே இணையத்தில் எடுத்துவிடுங்கள். 25-ஆம் தேதி விடுமுறை, அன்று எல்லாமே இரட்டிப்பு. அந்த ஒரு நாள் மதிய இலைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு மாலையில் அறையில் ஓய்வெடுப்பதே நல்லது.

காலை ஒன்றையாவது மயிலாப்பூருக்குக் கொடுங்கள். ஆறு மணிக்கு முன்பே கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் பஜனை கோஷ்டி வரும். பாட்டுகள் இயற்றிய பாபநாசம் சிவன் முன்னின்று பாடிப்போன வீதிகள் அவை. கோலங்களை விடிந்த உடனே பாருங்கள், எட்டு மணிக்குள் வண்டிகள் அழித்துவிடும். அங்கிருந்து கச்சேரி சாலைப் பக்கம் அருண்டேல் தெருவில் ராயர் மெஸ்: இட்லி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னி. பட்டியல் அவ்வளவுதான், சீக்கிரம் தீர்ந்துவிடும். (அந்தச் சாலைப் பெயரில் இருப்பது பாட்டுக் கச்சேரி என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். அது அலுவலகம் என்ற பொருளில் வந்த பழைய கச்சேரி.)

திரும்பும் வண்டிக்கு ஒரு குறிப்பு. பல அரங்குகளில் பாட்டு நடக்கும்போது கதவைத் திறக்கமாட்டார்கள். அதனால் வெளியேறுவதும் இரண்டு உருப்படிகளுக்கு இடையில்தான். தனி ஆவர்த்தனம் முடிந்து துக்கடாக்கள் (கடைசியில் வரும் சின்னப் பாட்டுகள்) தொடங்கியதும் ஒருவர் மட்டும் வெளியே வந்து செயலியில் ஆட்டோ போடட்டும். நிறைவுப் பாட்டான மங்களம் முடிந்தபின் போட்டால் அரங்கமே அதே நொடியில் போடும், கட்டணம் ஏறும். வண்டியை சபா வாசலுக்கு அழைக்காமல் அடுத்த தெரு முனைக்கு அழையுங்கள். பெற்றோர் மங்களம் கேட்டுவிட்டு மெதுவாக நடந்து வரச் சரியாக இருக்கும்.