'கஸ்' கெட்ட வார்த்தையா?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் பேரன் வகுப்பில் 'கஸ்' பண்ணினான் என்று டீச்சர் எழுதி அனுப்பியிருக்கிறார். அது கெட்ட வார்த்தையா? 'கர்ஸ்' என்பதைச் சொல்ல வராமல் அமெரிக்கர்கள் ஆங்கிலத்தைக் கெடுத்துவைத்ததுதானே அது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கெட்ட வார்த்தையை டீச்சர் எழுதி வீட்டுக்கு அனுப்புவாரா? கெட்ட வார்த்தை பேசுவதற்குத்தான் 'கஸ்' என்று பெயர். பேரன் வாயில் வந்தது வேறு.

சாபம் என்று பொருள்படும் 'கர்ஸ்'தான் மூலம். அதுவரை நீங்கள் சொல்வது சரி. 'ஸ்' ஒலிக்கு முன்னால் நிற்கும் 'ர்' விழுங்கப்பட்டுவிட்டது. வெடிப்பதைக் குறிக்கும் 'பர்ஸ்ட்' 'பஸ்ட்' ஆனதும், 'ஹார்ஸ்' 'ஹாஸ்' ஆனதும் இப்படித்தான். ஆனால் பழியை அமெரிக்கர் தலையில் கட்டுவது அபாண்டம். அமெரிக்கா என்றொரு நாடு பிறக்கும் முன்பே இங்கிலாந்தில் தொடங்கிய பழக்கம் இது. 'பாஸ்' என்ற மீனின் பெயரில்கூட பழைய ஆங்கிலத்தில் ஒரு 'ர்' இருந்தது. அதைத் தின்னும்போது மொழி கெட்டுவிட்டதே என்று எந்த ஆங்கிலேயரும் அழுததாகத் தெரியவில்லை.

'கஸ்' 18ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவில் எழுத்தில் ஏறிவிட்டது. அப்போது அது வசவைக் குறிக்கவில்லை, ஆளைக் குறித்தது. முரண்டு பிடிக்கிற மனிதன், நகர மறுக்கிற கழுதை எல்லாமே 'கஸ்'தான். 'கஸட்னெஸ்' என்றால் இன்றும் வீம்பு. திட்டுவது என்ற வினைச்சொல்லாக அது புழங்கியது 19ஆம் நூற்றாண்டில். அப்புறம் இரண்டு உச்சரிப்புகளும் ஓரளவு வேலையைப் பிரித்துக்கொண்டன. திட்டுவதற்கு அமெரிக்கர்கள் இரண்டையும் சொல்வார்கள். சூனியக்காரி இடும் சாபம் மட்டும் எப்போதும் 'கர்ஸ்'தான்.

திட்டுவது என்றாலே கடவுளை இழுப்பது என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 1776 ஆகஸ்ட் 3 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் தன் படைக்கு ஓர் உத்தரவு போட்டார். சிப்பாய்கள் சாபமிடுவதும் கடவுள் மேல் ஆணையிட்டுத் திட்டுவதும் நாகரிகம்போலப் பரவுகிறதே என்று வருந்தினார். வானுலகை இப்படி அவமதித்தால் நம் ஆயுதங்களுக்கு அதன் ஆசி கிடைக்குமா என்பது அவர் கவலை. எதிரே பிரிட்டிஷ் படை நிற்கும்போது இதற்கும் அவருக்கு நேரம் இருந்திருக்கிறது! இன்றைய பள்ளிகளில் உடலுறுப்பையும் இனத்தையும் இழுக்கும் சொற்களுக்குத்தான் பெரிய தண்டனை.

பேரன் சொன்னது இதில் எந்த ரகம் என்று அவனிடமே கேளுங்கள். எங்களுக்கு எழுத வேண்டாம், அச்சில் போட முடியாது.