மலிவான ஹார்டுஷெல் கூரைக் கூடாரம்: எதைப் பார்த்து வாங்குவது?

ராயபுரத்திலிருந்து பழவேற்காடு போன்ற இடங்களுக்குக் காரில் சென்று தங்க, காரின் கூரைமேல் பொருத்தும், கெட்டியான ஓடு கொண்ட மலிவான ஹார்டுஷெல் கூடாரம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் விலையை விசாரிக்கும் முன், கார் ஓடும்போது அதன் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள். இத்தகைய கூடாரங்கள் பெரும்பாலும் 50 முதல் 80 கிலோ வரை இருக்கும். கேரியர் கம்பிகளின் எடையும் சேரும்போது, சிறிய கார்கள் பலவற்றின் கூரை அதைத் தாங்காது. நிற்கும் காரில் இருவர் படுத்துறங்கும் பாரத்தைச் சுமக்கும் அதே கூரை, பள்ளத்தில் குலுங்கும்போது மிகக் குறைவாகவே சுமக்கும்.

காசிமேட்டுக் கடற்காற்றில் நெடுநாள் நின்ற ஒரு கூடாரத்தைத் திறந்து பார்த்தேன். கீல்களின் திருகுகளில் துரு பூத்து, மெத்தையின் அடியில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஆகவே அலுமினிய ஓடு, துருப்பிடிக்காத எஃகுக் கீல்கள், காற்றோட்டமான கொசுவலை ஜன்னல்கள் ஆகியவற்றுக்கு மட்டும் கூடுதலாகச் செலவிடுங்கள்.