சன்ஸ்கிரீன் பூசிய உடம்பும் ஊரணித் தண்ணீரும்

வாசகர் கேள்வி – பதில்

அரியமான் கடற்கரைக்கு வருகிறவர்கள் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு கடலில் குளித்துவிட்டு, உப்புப் போக எங்கள் ஊரணியில் இறங்கி முங்குகிறார்கள். பளபளவென்று எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. குடிக்கிற தண்ணீர். பயப்பட வேண்டுமா?
– உச்சிப்புளி வாசகர்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடம்பு முழுக்கப் பூச ஒருவருக்குச் சுமார் 30 மில்லி சன்ஸ்கிரீன் வேண்டும். அதில் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் 6 சதவீதம் இருந்தால் 1.8 கிராம். குளிக்கும்போது கால் பங்கு கரைகிறது என்று வையுங்கள், ஆளுக்கு 0.45 கிராம், இருபது பேருக்கு 9 கிராம். நாற்பதுக்கு நாற்பது மீட்டர் ஊரணியில் ஒன்றரை மீட்டர் தண்ணீர் நின்றால் 24 லட்சம் லிட்டர். அதாவது லிட்டருக்கு நான்கு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆய்வுக்கூடத்தில் ஆண் மீனின் உடலில் முட்டைக்கரு புரதம் உண்டாகும் அளவுக்கு ஆக்ஸிபென்சோன் குழப்பம் செய்தது லிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராமில். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குளியலில் மீன் செத்து மிதக்காது, குடித்தவருக்கும் உடனே ஒன்றும் ஆகாது.

ஆனால் ஊரணிக்கு வெளிப்போக்கு கிடையாது. கடலில் விழுந்தது அலையோடு கலைந்துவிடும். ஊரணியில் விழுந்தது அங்கேயே கிடக்கும். அடுத்த வாரம் இன்னும் இருபது பேர். சித்திரை, வைகாசியில் தண்ணீர் அரை மீட்டராக வற்றும்போது அதே 9 கிராம் லிட்டருக்குப் பதினொரு மைக்ரோகிராம் ஆகிவிடும். சன்ஸ்கிரீனில் உள்ள வேதிப்பொருள்கள் எல்லாம் ஒரே மாதிரியும் நடப்பதில்லை. ஆவோபென்சோன் வெயிலில் சிதையும். ஆக்ஸிபென்சோன் வெயிலை நன்றாகவே தாங்கும். ஆக்டோகிரைலீன் தண்ணீரில் நிற்காமல் வண்டலில் போய் ஒட்டிக்கொள்ளும். தூர்வாராத ஊரணியில் அந்த வண்டல்தான் கிடங்கு. தண்ணீரில் வாழும் தெள்ளுப்பூச்சி (டாஃப்னியா) போன்ற சிற்றுயிர்கள் மீனைவிடச் சீக்கிரம் பாதிக்கப்படுகின்றன; தண்ணீரைப் பச்சையாக்கும் பாசியைத் தின்று தெளிய வைப்பவை அவைதான்.

செய்ய வேண்டியது: படித்துறையில் குளியலைத் தடுத்து, கரைக்கு வெளியே குழாய் போட்டுக் கொடுங்கள். தண்ணீர் எடுக்கிறவர்கள் குடத்தால் மேல் தண்ணீரை விலக்கி, வண்டல் கலங்காமல் சற்றுக் கீழிருந்து மொள்ளட்டும். நம் பெண்கள் காலங்காலமாகச் செய்கிற பழக்கம்தான். எண்ணெய்ப் படலத்துக்கும் அதுவே சரி.

எங்கள் விடுதியில் வெளிக்குளியல் தண்ணீரை மணலிலேயே விடுகிறோம். மணல் வடிகட்டிவிடாதா?
– இராமேஸ்வரம் வாசகர்

சேற்றை வடிகட்டும், சன்ஸ்கிரீனை அவ்வளவாக வடிகட்டாது. இந்த வேதிப்பொருள்களைப் பிடித்து வைப்பது மண்ணில் உள்ள மக்கிய இலைதழைதான். வெறும் கடல்மணலில் அது மிகக் குறைவு. உங்கள் தீவில் நல்ல தண்ணீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய மழைநீர் அடுக்கு. மேலே விட்ட எதுவும் முதலில் சேர்வது அதில்தான், கிணறும் அதிலிருந்துதான் இறைக்கிறது.

கிணற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமல், நிலத்தடி நீர் கிணற்றைக் கடந்து ஓடிப்போகும் பக்கத்தில் ஒரு பாத்தி வெட்டி, குளியல் தண்ணீரை அதில் விடுங்கள். ஆழம் 60 செ.மீ. போதும். அடியில் சரளை, அதன் மேல் உடைத்த அடுப்புக்கரி ஒரு சாண், மேலே மக்கிய எரு கலந்த செம்மண். கல்வாழையோ வாழையோ நடலாம். குழியை ஆழமாக வெட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு: மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறிக் குழியின் அடியைத் தொட்டுவிட்டால், வடிகட்டி இருந்தும் இல்லாத கதைதான். கரியும் ஒரு கட்டத்தில் நிரம்பிவிடும், பிறகு எதையும் பிடிக்காது. மாற்றிய கரியைக் கிணற்றோரம் கொட்டிவிடாதீர்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தாலோ பிளீச்சிங் பவுடர் போட்டாலோ சன்ஸ்கிரீன் போய்விடுமா?
– தேவிபட்டினம் வாசகி

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இது போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையும் அளவுக்கு அடர்த்திதான் கூடும். பிளீச்சிங் பவுடரின் குளோரின் ஆக்ஸிபென்சோனோடு சேர்ந்து வேறு சேர்மங்களை உண்டாக்கும். உவர்ப்புத் தண்ணீரில் புரோமைடும் இருப்பதால் புரோமின் ஏறிய சேர்மங்களும் வரும். அதற்காகக் குளோரினை நிறுத்திவிடாதீர்கள், வயிற்றுப்போக்குதான் பெரிய ஆபத்து. செயலூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) வடிகட்டியோ ஆர்.ஓ.வோ இவற்றைப் பெருமளவு பிடிக்கும்.

'ரீஃப் சேஃப்' (பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது) என்று போட்ட சன்ஸ்கிரீனை வாங்கினால் நிம்மதிதானே?
– கீழக்கரை வாசகி

அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி வரையறை எதுவும் இல்லை. ஹவாய் மாநிலம் 2021 முதல் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்தவற்றின் விற்பனையைத் தடுத்தது. பலாவ் நாடு 2020-லேயே தடை கொண்டுவந்தது. இரண்டுமே பவளப்பாறைக்காக. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டும் இல்லை என்றாலே பல நிறுவனங்கள் 'சேஃப்' என்று அச்சடித்துவிடுகின்றன. உறையின் பின்புறத்தைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன் 'பென்சோபீனோன்-3' என்ற பெயரிலும், ஆக்டினாக்சேட் 'எத்தில்ஹெக்சைல் மெத்தாக்சிசின்னமேட்' என்ற பெயரிலும் ஒளிந்திருக்கும். ஜிங்க் ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் கடலுக்கு மேலானது என்று சொல்வதுண்டு. நன்னீரில் அதிலிருந்து கரையும் துத்தநாகம் பாசிகளைத் தாக்கும். மழை பெய்து நிரம்பிய மென்னீரில் இன்னும் அதிகம், கடினத் தண்ணீரில் குறைவு. ஆகவே ஐப்பசி ஊரணிக்கு அதுவும் நல்லதல்ல.

அப்படியானால் பூசவே கூடாதா? வெயில் கொளுத்துகிறதே!
– மண்டபம் வாசகர்

தோலுக்குத் தேவைதான். ஆனால் துணி மறைக்கும் இடத்துக்கு அது தேவையில்லை. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுத் தலையில் துணி கட்டுகிறார்கள். கடலில் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அப்படிப் போட்டால் முகம், கழுத்து, புறங்கை, பாதம் மட்டும் மிஞ்சும். 30 மில்லி வேண்டிய இடத்தில் ஐந்தாறு மில்லியில் முடிந்துவிடும். தண்ணீரில் இறங்க 15 நிமிடம் முன்பே பூசுங்கள். பூசிய கையோடு இறங்கினால் பாதி தண்ணீருக்குத்தான். கரையேறியதும் கழுவுவதற்கு முன் பழைய பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, அந்தத் துணியைக் குப்பையில் போடுங்கள். ஊரணியில் அலசினால் துடைத்ததில் பயனில்லை.